வேறுபாட்டை அளத்தல்: உள்ளே எவ்வளவு, இடையே எவ்வளவு?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உயிரியலைப் பாடமாகப் படிக்காதவர்களும் வந்து உட்கார்ந்து கேட்கும்படி ஆண்டுக்கு ஒரு பேச்சு இருக்க வேண்டும் என்பதே இந்த அறக்கட்டளையின் விருப்பம் என்று அமைப்பாளர்கள் எழுதியிருந்தார்கள். அதனால் சூத்திரங்களைத் திரையில் ஓட்டப்போவதில்லை. ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் பெருக்கலும் கழித்தலும் வரும், பள்ளிக்கூடக் கணக்குதான்.

இன்று எடுத்துக்கொண்ட பொருள் மரபணு வேறுபாட்டை அளப்பது. ஒரு சிற்றினத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது, ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இடையே எவ்வளவு, ஒரு சிற்றினத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே எவ்வளவு என்று கணக்கிடும் வேலை. அளக்கும் கருவிகள் கடந்த 60 ஆண்டுகளில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டன. அளந்து வந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் இன்னும் தடுமாறுகிறோம்.

தடுமாற்றம் எங்கே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறுபாடு என்றாலே செல்வம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒரு காட்டு விலங்குக் கூட்டம் மரபணு அளவில் தனித்தன்மை கொண்டது என்று ஆய்வறிக்கை சொன்னால், மறுநாள் நாளிதழில் அது பெருமைக்குரிய செய்தியாக வருகிறது. ஆனால் தனித்தன்மை இரண்டு வழிகளில் வரும். நெடுங்காலம் தனியே வாழ்ந்து புதியவற்றைச் சேர்த்ததால் வரும். கையில் இருந்ததை இழந்ததாலும் வரும். அளவுகோலில் இரண்டும் ஒரே எண்ணாகத் தெரியக்கூடும். இவற்றைப் பிரித்தறியாமல் ஒரு விலங்கைக் காப்பாற்றப் புறப்பட்டால், காப்பாற்றும் முயற்சியே அதன் அழிவுக்குக் காரணமாகிவிடலாம்.

1. இரண்டை எடுத்து ஒப்பிடு

மரபியலில் வேறுபாட்டை அளக்கப் பல அளவைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஒரே வேலை. ஒரு கூட்டத்திலிருந்து குருட்டாம்போக்கில் இரண்டை எடுத்து, அவை எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்க்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்து சராசரி எடுத்தால் கிடைப்பது உள்வேறுபாடு. ஒன்றை இந்தக் கூட்டத்திலிருந்தும் மற்றதை அந்தக் கூட்டத்திலிருந்தும் எடுத்து ஒப்பிட்டால் கிடைப்பது இடைவேறுபாடு.

இந்தச் சிந்தனைக்கு இந்திய மண்ணிலும் ஒரு வேர் உண்டு. 1920இல் நாக்பூரில் நடந்த அறிவியல் மாநாட்டில் புள்ளியியலாளர் பிரசந்த சந்திர மகலனோபிஸ், நெல்சன் அன்னன்டேல் என்ற விலங்கியலாளரைச் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களை அளந்தெடுத்த குறிப்புகள் அன்னன்டேலிடம் இருந்தன. அவற்றை ஆராயத் தொடங்கிய மகலனோபிஸ், 1936இல் தமது பெயராலேயே இன்று வழங்கும் தொலைவு அளவையை முழு வடிவில் வெளியிட்டார். அதன் கருத்து எளியது. இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று மட்டும் பார்த்தால் போதாது. குழுவுக்குள்ளேயே ஆட்கள் எவ்வளவு பரவலாக வேறுபடுகிறார்கள் என்பதைக் கொண்டு அந்த இடைவெளியை எடைபோட வேண்டும். உள்ளே எவ்வளவு என்று தெரியாமல் இடையே எவ்வளவு என்பதற்குப் பொருள் இல்லை. அவர் வழியில் வந்த சி.ஆர். ராவ் 1982இல் எழுதிய கட்டுரையில், இரண்டை எடுத்து ஒப்பிடும் இந்த முறையையே பொதுவான ஓர் அளவையாக வளர்த்து, மொத்த வேறுபாட்டை உள்ளேயும் இடையேயும் பங்கிடும் வழியைக் காட்டினார்.

உடலை அளப்பது ஒன்று. மரபணுவை அளப்பது வேறொன்று. ஒருவரின் உயரத்தை அவர் சாப்பிட்ட சோறும் தீர்மானிக்கும். மரபணுவை நேரடியாக எட்டிப் பார்க்க வழியில்லாத காலத்தில், இயற்கையில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதைப் பற்றி இரண்டு முகாம்கள் பல ஆண்டுகள் வாதாடின. ஹெர்மன் முல்லரின் பக்கம் நின்றவர்கள், ஏறத்தாழ எல்லா உயிர்களும் ஒரே நல்ல மரபணு வடிவத்தையே சுமக்கின்றன, வேறுபாடு அரிது என்றார்கள். தியோடோசியஸ் டோப்சான்ஸ்கியின் பக்கத்தினர், வேறுபாடு எங்கும் நிறைந்திருக்கிறது என்றார்கள். அளக்க முடியாததால் வாதம் முடியவில்லை.

1966இல் அது முடிந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லெவான்டினும் ஜான் ஹப்பியும் பழ ஈக்களை ஒவ்வொன்றாக அரைத்து, அவற்றின் புரதங்களை ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். புரதத்தின் மின்னூட்டம் மாறியிருந்தால் அது ஜெல்லில் நகரும் வேகமும் மாறும். எலக்ட்ரோபோரெசிஸ் என்னும் இந்த முறையில் 18 புரதங்களைப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக 30 சதவீதம் மரபணுக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் இருந்தன. ஒரே ஓர் ஈயை எடுத்துக்கொண்டால், அதன் மரபணுக்களில் சுமார் 12 சதவீதத்தில் தாய்வழி வந்த படியும் தந்தைவழி வந்த படியும் வேறுவேறாக இருந்தன. அதே ஆண்டு லண்டனில் ஹாரி ஹாரிஸ் மனித நொதிகளில் இதே வகை வேறுபாட்டைக் கண்டார். வேறுபாடு அரிது என்ற முகாம் கலைந்தது.

புதிதாக ஒரு சிக்கல் எழுந்தது. இவ்வளவு வேறுபாட்டையும் இயற்கைத் தேர்வு எப்படித் தாங்கிப் பிடிக்கும்? 1968இல் ஜப்பானிய மரபியலாளர் மோட்டோ கிமுரா, மூலக்கூறு அளவில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் இல்லாதவை, தீமையும் இல்லாதவை என்றார். அந்தக் கொள்கை பற்றிய சண்டை ஓயவில்லை என்றாலும், அளப்பவர்களுக்கு அது ஒரு பெரிய கொடை. நன்மை தீமை இல்லாத மாற்றங்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு கூட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தது, எப்போது சுருங்கியது, எப்போது பிரிந்தது என்று அதன் கடந்த காலத்தைக் கணிக்க முடிந்தது.

1983இல் மார்ட்டின் கிரெய்ட்மன், பழ ஈயின் ஒரே மரபணுவின் 11 படிகளை எழுத்து எழுத்தாகப் படித்தார். 43 இடங்களில் வேறுபாடு இருந்தது. அவற்றில் புரதத்தை மாற்றியது ஒன்றே ஒன்று. ஜெல்லில் தெரிந்தது உண்மையில் இருந்ததன் சிறு பகுதிதான் என்று அப்போது புரிந்தது. இன்று நாம் அதிகம் பயன்படுத்துவது, மசதோஷி நெய்யும் வென்-சியுங் லியும் 1979இல் தந்த, 'பை' என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கும் அளவை. ஒரே கூட்டத்திலிருந்து எடுத்த இரண்டு டி.என்.ஏ. இழைகளில் சராசரியாக எத்தனை எழுத்துக்கு ஒரு எழுத்து வேறுபடுகிறது என்பதே அது. பெயர் எதுவானாலும் வேலை மீண்டும் இரண்டை எடுத்து ஒப்பிடுவதுதான்.

2. உள்ளே இருப்பது

மனிதரில் இந்த எண் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. நம் மரபணுத்தொகுதியில் 300 கோடி எழுத்துக்கள். ஆகவே இந்த அரங்கில் யாரேனும் இருவரை எடுத்தால் 30 லட்சம் இடங்களை ஒட்டி வேறுபடுவார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் மத்திய ஆப்பிரிக்காவில் வாழும் சிம்பன்சிக் கூட்டம் ஒன்றுக்குள் இருக்கும் வேறுபாடு, உலகம் முழுவதும் பரவிய 800 கோடி மனிதரிடம் இருப்பதைவிடக் கூடுதல். தலைகளை எண்ணினால் அந்தச் சிம்பன்சிகள் நமக்குப் பக்கத்திலேயே வரமாட்டா.

தலை எண்ணிக்கையும் வேறுபாடும் ஒன்றோடொன்று நடப்பதில்லை என்பதற்குக் கலிபோர்னியா, மெக்சிகோ கடற்கரைகளில் வாழும் வட யானைச் சீல் கூர்மையான சான்று. எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்டு 1890களில் 20 அளவுக்குச் சுருங்கிப்போன விலங்கு அது. சட்டப் பாதுகாப்பு வந்ததும் பெருகி இன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1974இல் பான்னெலும் செலாண்டரும் 159 சீல்களில் 24 மரபணுக்களின் புரதங்களைச் சோதித்தார்கள். ஒன்றில்கூட வேறுபாடு கிடைக்கவில்லை. எண்ணிக்கை மீண்டது, வேறுபாடு மீளவில்லை. சிவிங்கிப்புலியின் நிலையும் இதுவே. 1983இல் ஸ்டீபன் ஓ'பிரையன் குழுவினர் தென்னாப்பிரிக்காவின் 55 சிவிங்கிப்புலிகளில் 47 மரபணு இடங்களைப் பார்த்தார்கள். எல்லாமே ஒரே வடிவம். பிறகு உறவில்லாத விலங்குகளுக்கிடையே தோல் ஒட்டு வைத்துப் பார்த்தபோது, வேற்றுத் தோல் என்று உடல் உடனே தள்ளவில்லை.

இழந்தது ஏன் திரும்புவதில்லை? புதிய வேறுபாட்டைத் தருவது சடுதிமாற்றம் ஒன்றே. அது மிக மெதுவானது. ஒரு குழந்தை பெற்றோரிடம் இல்லாத புதிய எழுத்து மாற்றங்களோடு பிறப்பது 60, 70 என்ற அளவில்தான். அதுவும் இரு வழியும் சேர்ந்த 600 கோடி எழுத்துக்களில். இழப்போ வேகமானது. ஒரு மரக்கால் மொச்சையில் கறுப்பும் வெள்ளையும் சரிபாதியாக இருக்கட்டும். கைப்பிடி அள்ளினால் ஏறத்தாழ பாதிப் பாதி வரும். நாலே நாலு விதை எடுத்தால் நான்கும் வெள்ளையாக வந்துவிடலாம். அந்த நாலையே விதைத்தால் கறுப்பு மொச்சை அந்த வயலில் இனி இல்லை. யாரும் கறுப்பைக் கழிக்கவில்லை. கை சிறியது, அவ்வளவுதான். இதை மரபியல் நகர்வு என்கிறோம். இனப்பெருக்கம் செய்வோர் 50 பேர் என்றால், இரு படிகளும் வேறாக இருக்கும் நிலை தலைமுறைக்கு 1 சதவீதம் குறையும். 10 பேர் என்றால் 5 சதவீதம். பத்துத் தலைமுறையில் மிஞ்சுவது சுமார் 60 சதவீதம்.

உள்வேறுபாட்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சராசரிகள் அரிதானவற்றைக் காணமாட்டா. ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் மரபணு வடிவம் மறைந்தால் 'பை' எண் அசைவதேயில்லை. ஆனால் அந்த ஒன்று எவ்வளவு மதிப்புள்ளது என்பதை நெல் காட்டியது. 1970களில் ஆசிய வயல்களைக் கிராசி ஸ்டன்ட் என்ற குட்டை நச்சுயிரி நோய் தாக்கியபோது, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன்னிடமிருந்த நெல் வகைகளையும் காட்டு நெல்களையும் ஆறாயிரத்துக்கு மேல் சோதித்தது. எதிர்ப்புத்திறன் கிடைத்தது உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே சேகரிப்பில். குர்தேவ் சிங் குஷ் குழுவினர் அதை ஐ.ஆர். 36 போன்ற ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். எந்தச் சராசரியும் அந்தச் சேகரிப்பைச் சுட்டிக்காட்டியிருக்காது. அதனால்தான் சராசரியோடு, எத்தனை வடிவங்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையையும் தனியே கேட்க வேண்டியிருக்கிறது.

3. இடையே இருப்பது

இப்போது, தொடக்கத்தில் நான் சொன்ன கணக்கு. இரண்டு காடுகள். ஒரு மரபணுவுக்கு 'அ', 'ஆ' என்று இரண்டு வடிவங்கள். முதலில் இரண்டு காடுகளிலும் இரு வடிவங்களும் சரிபாதி. எந்தக் காட்டிலிருந்து இரண்டு படிகளை எடுத்தாலும் அவை வேறாக இருக்கும் வாய்ப்பு 0.5. இரண்டு காடுகளையும் ஒன்றாகக் கலந்து எடுத்தாலும் 0.5. இடைவேறுபாடு எதுவும் இல்லை.

நடுவில் சாலையும் ஊரும் வந்து காடுகள் பிரிந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். சில தலைமுறைகளில் நகர்வினால் முதல் காட்டில் 'அ' 80 சதவீதம், இரண்டாம் காட்டில் 'ஆ' 80 சதவீதம் ஆகிறது. ஒவ்வொரு காட்டுக்குள்ளும் இரண்டு படிகள் வேறாக இருக்கும் வாய்ப்பு 0.8 × 0.2, அதன் இரு மடங்கு: 0.32. கலந்து பார்த்தால் இன்னும் 0.5தான். மொத்தத்திலிருந்து உள்ளே இருப்பதைக் கழித்து மொத்தத்தால் வகுத்தால் 0.36. இதுதான் சுவால் ரைட் உருவாக்கிய எஃப்.எஸ்.டி. என்ற புகழ்பெற்ற அளவை. கடைசிக் கட்டத்தில் ஒரு காட்டில் 'அ' மட்டும், மற்றதில் 'ஆ' மட்டும் எஞ்சினால் அந்த எண் 1. முழுமையான வேறுபாடு!

என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். புதிதாக ஒரு வடிவம்கூட உருவாகவில்லை. முதல் காடு 'ஆ'வை இழந்தது; இரண்டாவது 'அ'வை இழந்தது. இரண்டும் ஏழையானதால் இரண்டும் வேறாகத் தெரிகின்றன. எஃப்.எஸ்.டி. உயர்ந்திருப்பதற்குக் காரணம் உள்ளே இருந்தது கரைந்ததுதான். உள்வேறுபாட்டைப் பக்கத்தில் எழுதாமல் இந்த எண்ணை மட்டும் எழுதுவது அரைகுறை அறிக்கை.

ஒடிசாவின் சிமிலிபால் காட்டைப் பாருங்கள். அங்குள்ள புலிகளில் மூன்றில் ஒன்று என்ற அளவில், கோடுகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்து உடல் கறுத்துத் தெரிகிறது. டாக்பெப் என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம் இதற்குக் காரணம் என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் 2021இல் கண்டார்கள். இந்தியாவின் பிற காடுகளில் சோதித்த புலிகளில் அந்த மாற்றம் தென்படவில்லை. சுற்றுலாப் பயணிக்கு அது அதிசயம். மரபியலாளருக்கு அது எச்சரிக்கை. மற்றக் காடுகளிலிருந்து புலிகள் வந்துபோகாத சிறிய, தனித்த கூட்டத்தில்தான் இப்படியொரு வடிவம் இவ்வளவு மேலே ஏற முடியும். கறுப்புக் கோட்டை ஏற்றிவிட்ட அதே நகர்வு, கண்ணுக்குத் தெரியாத வேறு மரபணுக்களிலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

உள்ளே எவ்வளவு, இடையே எவ்வளவு என்ற இந்தப் பங்கீட்டை மனிதருக்குச் செய்து பார்த்தவரும் லெவான்டின்தான். 1972இல் 17 மரபணுக்களை வைத்துக் கணக்கிட்டபோது, மனித வேறுபாட்டில் 85.4 சதவீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. இனங்கள் என்று நாம் பிரித்த பெரும் பிரிவுகளுக்கு இடையே இருந்தது 6.3 சதவீதம் மட்டும். 2003இல் ஏ.டபிள்யூ.எஃப். எட்வர்ட்ஸ், பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவரின் மூதாதையர் எந்த நிலப்பகுதியினர் என்று சொல்ல முடியும் என்று மறுத்தார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. அடையாளம் காண முடிவது ஒன்று. அந்த அடையாளம் மொத்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு என்பது வேறொன்று. இவற்றைக் குழப்பியதால் விளைந்த தீமைகளை 20ஆம் நூற்றாண்டு போதுமான அளவு பார்த்துவிட்டது.

4. ஒரே கணவாய், இரண்டு கதைகள்

இழப்பால் வந்த வேறுபாட்டையும் காலத்தால் வந்த வேறுபாட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க நாம் தொலைதூரம் போக வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலை போதும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விலகி நிற்கிறது. அது பாலக்காட்டுக் கணவாய். தெற்கே பெரியாறுக்கும் அகத்தியமலைக்கும் நடுவே இன்னொரு குறுகிய இடைவெளி. அது செங்கோட்டைக் கணவாய். கோவையிலிருந்து பாலக்காட்டுக்கும் செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கும் ரயில் ஓடுவது இந்த வாசல்கள் வழியாகத்தான்.

முதலில் பறவை. உயர்ந்த சோலைக்காடுகளின் தரையோரப் புதர்களில் நீல நிறச் சிறு பறவைகள் வாழ்கின்றன. சமவெளிக்கு இறங்கி வராதவை. நீண்ட காலம் ஒரே சிற்றினத்தின் உள்வகைகளாக எண்ணப்பட்டவை. வி.வி. ராபின் குழுவினர் 2010இல் அவற்றின் டி.என்.ஏ.வைப் படித்தபோது, பாலக்காட்டுக் கணவாயின் வடபுறப் பறவைகளுக்கும் தென்புறப் பறவைகளுக்கும் இடையே ஆழமான பிளவு தெரிந்தது. எழுத்து மாற்றங்கள் இரு பக்கமும் தனித்தனியே நெடுங்காலம் சேர்ந்திருந்தன. 2017இல் இந்தப் பறவைகளுக்கு ஷோலிகோலா என்ற புதிய பேரினமே வகுக்கப்பட்டது. செங்கோட்டைக்குத் தெற்கே அசம்பு மலையில் வாழ்வது தனிச் சிற்றினமாகப் பெயர் பெற்றது. இங்கே இடைவேறுபாடு காலத்தின் கணக்கு. சேர்ந்தது, சேர்ந்துகொண்டும் இருக்கிறது.

அடுத்து யானை. காட்டில் யானையைப் பிடித்து ரத்தம் எடுக்க வேண்டியதில்லை; இலத்தியிலிருந்தே டி.என்.ஏ. எடுக்கலாம். டி.என்.சி. வித்யா, ராமன் சுகுமார் உள்ளிட்டோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், நீலகிரி யானைகளும் கணவாய்க்குத் தெற்கே உள்ள ஆனைமலை, பெரியாறு யானைகளும் வேறுபட்டன. ஆனைமலைக்கும் பெரியாறுக்கும் இடையே அப்படி வேறுபாடு தெரியவில்லை. ஆசியாவிலேயே மிகப் பெரிய யானைக் கூட்டம் வாழும் நீலகிரியில், தாய்வழி மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு வகைதான் கிடைத்தது. உட்கருவின் டி.என்.ஏ.விலோ நிலைமை அவ்வளவு மோசமில்லை. பெண் யானைகள் பிறந்த குடும்பத்தோடு இருந்துவிடும், ஆண்கள் அலையும். ஆகவே எந்த டி.என்.ஏ.வை அளந்தோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறும். அளவையின் பெயரோடு அளந்த பகுதியின் பெயரையும் கேளுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

2024இல் இந்தியா முழுவதிலுமிருந்து 34 யானைகளின் மரபணுத்தொகுதிகளை முழுமையாகப் படித்த ஆய்வு வந்தது. ஐந்து தனித்த கூட்டங்கள் தெரிந்தன. அவற்றில் மூன்று தென்னிந்தியாவில்: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, இரு கணவாய்களுக்கும் நடுவே ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே ஒன்று. வடக்கிலிருந்து தெற்கே வர வர உள்வேறுபாடு படிப்படியாகக் குறைகிறது. சிறு சிறு குழுக்களாக யானைகள் தெற்கு நோக்கிப் பரவியதன் தடம் அது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது. தெற்கே உள்ள இரண்டு கூட்டங்களில் வேறுபாடு குறைவு, உறவுக்குள்ளேயே இணைசேரும் உட்கலப்பு அதிகம்.

ஒரே கணவாய். பறவையிலும் வேறுபாடு காட்டுகிறது, யானையிலும் காட்டுகிறது. பறவையின் தனித்தன்மை சேமிப்பு; தென்கோடி யானையின் தனித்தன்மையில் பெரும் பங்கு இழப்பு என்றே நான் படிக்கிறேன். இரண்டுக்கும் ஒரே சிகிச்சை செய்ய முடியாது. அசம்பு மலைப் பறவையை நீலகிரிப் பறவையோடு கலப்பது பல காலத்தின் வேலையை ஒரு நாளில் அழிப்பது. செங்கோட்டைக்குத் தெற்கே உள்ள யானைகள் வடக்கே போய்வர வழி கிடைக்காமல் இருப்பதோ அவற்றை மெல்ல நலியவைப்பது.

5. சிற்றினத்தின் எல்லை

எத்தனை சதவீதம் வேறுபட்டால் தனிச் சிற்றினம் என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். அப்படியொரு எண் இல்லை. கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுத் துண்டை எல்லா விலங்குகளுக்கும் அடையாளக் குறியாகப் பயன்படுத்தலாம் என்றார். அடுத்த ஆண்டு வட அமெரிக்காவின் 260 பறவைச் சிற்றினங்களில் அதைச் செய்து பார்த்து, உள்வேறுபாட்டின் சராசரியைப் போல் பத்து மடங்கு வேறுபாடு இருந்தால் புதிய சிற்றினமா என்று சந்தேகிக்கலாம் என்ற விதியையும் முன்வைத்தார். நல்ல விதி, அதுவும் உள்ளே எவ்வளவு என்பதை வைத்துத்தான் இடையே எவ்வளவு என்று எடைபோடுகிறது. ஆனாலும் அது எல்லா இடத்திலும் செல்லாது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் சுமார் 15,000 ஆண்டுகளுக்குள் சில நூறு சிக்லிட் மீன் சிற்றினங்கள் உருவாகியிருக்கின்றன. நிறமும் தாடையும் உணவும் வேறுவேறு, டி.என்.ஏ.வில் வேறுபாடு மிகக் குறைவு.

நமக்கும் சிம்பன்சிக்கும் உள்ள வேறுபாடு பற்றிய புகழ்பெற்ற எண்ணையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2005இல் சிம்பன்சி மரபணுத்தொகுதி வெளியானபோது, ஒற்றை எழுத்து மாற்றங்களில் இரு சிற்றினமும் 1.23 சதவீதம் வேறுபடுவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே கட்டுரையில் இன்னோர் எண்ணும் இருந்தது. இரு சிற்றினங்களுக்கும் இடையே நிலைத்துவிட்ட வேறுபாடு 1.06 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. மிச்சம், ஒவ்வொரு சிற்றினத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் மாறும் உள்வேறுபாடு. ஒரு மனிதரையும் ஒரு சிம்பன்சியையும் மட்டும் வைத்து ஒப்பிட்டால் இரண்டும் கலந்தே தெரியும். பலரைப் படித்தால்தான் பிரித்தெடுக்க முடியும். சிற்றினங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு என்பது முன்னொரு காலத்தில் ஒரே கூட்டத்தின் உள்வேறுபாடாக இருந்ததுதானே!

6. எண்ணிலிருந்து முடிவுக்கு

அமெரிக்காவின் ஃபுளோரிடா பூமா 1990களின் தொடக்கத்தில் 20, 30 என்ற நிலைக்கு வந்துவிட்டது. வால் மடங்கிய குட்டிகள், விதை இறங்காத ஆண்கள், இதயக் கோளாறுகள். தனித்த உள்வகை என்பதால் அதன் தூய்மையைக் காக்க வேண்டும் என்றும் குரல்கள் எழுந்தன. 1995இல் டெக்ஸாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 2010இல் வெளியான மதிப்பீட்டின்படி எண்ணிக்கை மூன்று மடங்கானது; இரு படிகளும் வேறாக இருக்கும் நிலை இரட்டிப்பானது; குட்டிகளின் பிழைப்பும் தேறியது. அங்கே தனித்தன்மை என்று காக்கப்பட இருந்தது இழப்பின் விளைவு. ஒரு காலத்தில் டெக்ஸாஸ் பூமாவும் ஃபுளோரிடா பூமாவும் இடையறாமல் கலந்து வாழ்ந்தவையே.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டும் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் தத்ரா மலைகளில் குடியேற்றிய ஐபெக்ஸ் மலையாடுகளோடு, துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் வெப்ப நிலத்து உறவினங்களைக் கொண்டுவந்து கலந்தார்கள். கலப்பு ஆடுகள் பருவம் தவறி இணை சேர்ந்தன. குட்டிகள் பிப்ரவரியின் கடுங்குளிரில் பிறந்தன. கூட்டமே அழிந்தது. அங்கே இடைவேறுபாடு உண்மையான சேமிப்பு, அந்தந்த நிலத்துக்கு ஏற்ப ஒவ்வொரு தலைமுறையிலும் தீட்டப்பட்டது. அதைக் கலைத்ததற்கு அந்த ஆடுகள் விலை கொடுத்தன.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்ற பல்லுயிர்ப் பாதுகாப்புத் திட்டத்தில், சிற்றினங்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாடும் இலக்காகச் சேர்ந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் திறனுறு எண்ணிக்கை, அதாவது உண்மையில் அடுத்த தலைமுறைக்கு மரபணு கொடுப்போரின் அளவு, 500க்கு மேல் இருக்கிறதா என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. பொதுவாக இது காட்டில் எண்ணிய தலைகளில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். 5,000 விலங்குகள் இருந்தால்தான் 500 தேறும். நம் காடுகளில் எத்தனை கூட்டங்கள் இந்தத் தேர்வில் தேறும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்த அவையில் வனத்துறையினரும் ஆய்வு மாணவர்களும் இருக்கிறீர்கள். நீங்கள் எழுதப்போகும் அறிக்கைகளில் மூன்று விடைகள் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். கூட்டத்துக்குள்ளே எவ்வளவு வேறுபாடு? அண்டைக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு? அந்த இடைவெளி புதிய மாற்றங்கள் சேர்ந்ததால் வந்ததா, பழைய வடிவங்கள் கழிந்ததால் வந்ததா? மூன்றாவது கேள்விக்கு விடை தேட முழு மரபணுத்தொகுதியும், அருங்காட்சியகங்களில் உள்ள பழைய தோல்களும் எலும்புகளும் இன்று உதவுகின்றன. கருவி இல்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது.

சேர்ந்ததால் வந்த வேறுபாடு என்றால் அதை விலக்கி வைத்துக் காப்பாற்றுங்கள். கழிந்ததால் வந்தது என்றால் வழியைத் திறந்துவிடுங்கள்: தண்டவாளத்துக்கு மேலே ஒரு பாலமோ, நெடுஞ்சாலைக்குக் கீழே ஒரு பாதையோ, அதுவும் முடியாத இடத்தில் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவதோ. தனித்தன்மை என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எதையும் தீர்மானிக்காதீர்கள்.